சித்திக்கு எந்த ஹூண்டாய்? பழைய கிராண்ட் ஐ10, பழைய க்ரெட்டா டீசல், புது எக்ஸ்டர்

என் சித்தி மகன் திருவண்ணாமலையில் இருக்கிறான். போன வாரம் இரவு பத்து மணிக்கு மேல் போன் செய்தான். "அண்ணா, எட்டரை லட்சம் தேத்திட்டேன். ஹூண்டாய்தான் வேணும்னு அம்மா பிடிவாதமா இருக்காங்க. எதை எடுக்கட்டும்?"

சித்தியின் பிடிவாதத்துக்குக் காரணம் எங்கள் வீட்டில் ஓடிய சான்ட்ரோ ஜிங். 2004-ல் அப்பா வாங்கினார். 2018 வரை எங்களிடம் இருந்தது. தம்பிக்குப் பெண் பார்க்க ஆரணி போனது அதில்தான், சித்தப்பாவைக் கடைசியாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனதும் அதில்தான். ஒரு நாளும் நடுரோட்டில் நின்றதில்லை. அந்த நம்பிக்கையில்தான் சித்தி பேசுகிறார்.

தம்பி மூன்று வண்டிகளைக் குறித்து வைத்திருந்தான். ஒன்று, 2018 கிராண்ட் ஐ10 பெட்ரோல், சிங்கிள் ஓனர், 48,000 கிலோமீட்டர் ஓடியது, நாலே கால் லட்சம் சொல்கிறார்கள். இரண்டாவது, 2017 க்ரெட்டா 1.6 டீசல், இரண்டாவது ஓனர், 92,000 கிலோமீட்டர், எட்டு லட்சம். மூன்றாவது, எக்ஸ்டர் என்ற சின்ன எஸ்யூவி, புதுசு, விலையில் நடு வேரியண்ட். மூன்றும் மூன்று விதமான ஆசை. முதலாவதில் காசு மிஞ்சும், இரண்டாவதில் பெரிய வண்டி கிடைக்கும், மூன்றாவதில் புது வண்டி வாசம்.

"மாசம் எவ்வளவு ஓடும்?" என்று முதலில் கேட்டேன். பிள்ளைகள் இருவரையும் பள்ளிக்குக் கொண்டு விட்டுக் கூட்டி வருவது, கடை கண்ணி, மாதம் ஒரு முறை சித்தியின் முழங்கால் வலிக்காக வேலூர், எப்போதாவது சென்னை. கூட்டிப் பார்த்தால் 800 கிலோமீட்டர் தாண்டவில்லை. ஓட்டப்போவது தம்பியும் அவன் மனைவியும். பின் சீட்டில் சித்தியும் இரண்டு பிள்ளைகளும். இவ்வளவையும் வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

சரி, அதற்கு முன்னால் இந்தக் கம்பெனி எதில் கெட்டி, எதில் சறுக்கியிருக்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். வண்டி தேர்ந்தெடுக்க அது உதவும்.

சுங் ஜு-யுங் என்பவர் தென்கொரியாவில் கட்டுமானத் தொழில் செய்து வளர்ந்தவர். 1967-ல் ஹூண்டாய் மோட்டாரைத் தொடங்கினார். முதலில் ஃபோர்டின் கார்ட்டினாவை உல்சான் நகரில் பூட்டி விற்றார்கள். சொந்தப் பெயரில் முதல் கார் 1975-ல் வந்த போனி. வடிவமைத்தவர் இத்தாலியின் ஜோர்ஜெட்டோ ஜுஜியாரோ, இன்ஜின் ஜப்பானின் மிட்சுபிஷியுடையது, வேலையை நடத்திக் கொடுக்க இங்கிலாந்திலிருந்து ஜார்ஜ் டர்ன்புல் என்பவரை அழைத்து வந்தார்கள். கடன் வாங்கிக் கற்றுக்கொண்ட காலம் அது. சொந்தமாக இன்ஜின் செய்ய 1991 வரை ஆனது.

இடையில் 1986-ல் அமெரிக்காவில் எக்செல் என்ற காரை 4,995 டாலருக்கு இறக்கினார்கள். முதல் வருடமே 1,68,000-க்கு மேல் விற்றது. ஆனால் வாங்கியவர்கள் இரண்டு மூன்று வருடத்தில் நொந்துபோனார்கள். தரம் சரியில்லை என்ற பேச்சு பரவி விற்பனை சரிந்தது. அதிலிருந்து மீள 1998-ல், இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் பத்து வருடம் அல்லது ஒரு லட்சம் மைல் வாரண்டி என்று அறிவித்தார்கள். அப்போது வேறு யாரும் கொடுக்கத் துணியாத வாரண்டி. எழுதிக் கொடுத்துவிட்டால் தரமாகச் செய்துதானே ஆக வேண்டும்? அந்த நெருக்கடியில்தான் இன்றைய ஹூண்டாய் உருவானது என்று நான் நினைக்கிறேன்.

அதே 1998-ல்தான் ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால் இருங்காட்டுக்கோட்டையில் செய்த சான்ட்ரோ விற்பனைக்கு வந்தது. அதே வருடம் இன்னொரு கொரியக் கம்பெனியான டேவூ, வட இந்தியாவில் செய்த மாடிஸைக் கொண்டு வந்தது. மாடிஸ் பார்க்க அழகு. சான்ட்ரோ, தலைப்பாகை கட்டியவர் மாதிரி உயரமாக நின்றது. அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. ஆனால் உள்ளே உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அந்த உயரத்தின் அருமை தெரிந்தது. சேலை கட்டிய அம்மா தலையைக் குனியாமல் ஏறினார், இறங்கினார். இன்ஜினும் அந்த விலைக்கு நல்ல இன்ஜின்: நாலு சிலிண்டர், 999 சிசி, கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலை அளந்து பீய்ச்சும் எம்பிஎஃப்ஐ. அடுத்த வருடம் டேவூ குழுமம் கடனில் மூழ்கியது. அப்புறம் மாடிஸ் வைத்திருந்தவர்கள் ஸ்பேர் தேடி அலைய வேண்டியதாயிற்று. நல்ல வண்டிதான், ஆனால் பின்னால் நிற்க ஆளில்லை. சான்ட்ரோவுக்குப் பின்னால் இருங்காட்டுக்கோட்டையும், அதைச் சுற்றி வந்த நூற்றுக்கணக்கான உதிரிபாகத் தொழிற்சாலைகளும் நின்றன. இன்றைக்கும் சென்னை ஜி.பி. ரோட்டில் ஹூண்டாய் ஸ்பேர் என்று கேட்டால் மூன்று கடையில் மூன்று விலை சொல்வார்கள். திருவண்ணாமலை மெக்கானிக்கும் கை கூசாமல் பானெட்டைத் திறப்பார்.

2007-ல் ஐ10 வந்தது. இங்கே செய்து ஐரோப்பாவுக்கே கப்பலேற்றினார்கள். 2008-ல் அதற்குள் கப்பா என்ற 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜினைப் பொருத்தினார்கள். அலுமினிய பிளாக், டைமிங் செயின், 1197 சிசி. 1200-ஐத் தாண்டாத அந்த சிசி, சின்ன காருக்கான வரிச் சலுகைக்காகக் கணக்குப் போட்டு வைத்தது. பழைய சான்ட்ரோவில் டைமிங் பெல்ட். குறிப்பிட்ட கிலோமீட்டரில் மாற்றாவிட்டால் ஒரு நாள் அறுந்து வண்டி நின்றுவிடும். செயினில் அந்தத் தொல்லை இல்லை. இந்தக் கப்பா பல மாற்றங்களோடு இன்று வரை ஓடுகிறது. தம்பி பார்த்த கிராண்ட் ஐ10-லும் அதுதான், புது எக்ஸ்டரிலும் அதுதான். பதினேழு வருடத்துக்கும் மேலாக ஒரே இன்ஜினைத் திருத்தித் திருத்திச் செய்தால் அதன் எல்லா நோயும் ஊர் மெக்கானிக்குக்குத் தெரிந்துவிடும். வாங்குகிறவருக்கு அதைவிட நிம்மதி என்ன வேண்டும்?

இந்தக் கம்பெனி தடுக்கி விழுந்தது பெரும்பாலும் பெரிய, புதிய விஷயங்களில். அமெரிக்காவில் விற்ற சொனாட்டாவில் இருந்த தீட்டா 2 என்ற இன்ஜினில், கிராங்க் ஷாஃப்ட் கடைசலின்போது தங்கிய உலோகத் துகள் எண்ணெய் வழியை அடைத்து, பேரிங் பிடித்து, ஓடும்போதே இன்ஜின் நின்றது. 2015-லும் 2017-லும் லட்சக்கணக்கான வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். கம்பெனியிலேயே வேலை பார்த்த கிம் குவாங்-ஹோ என்ற பொறியாளர்தான் விஷயத்தை அமெரிக்க அரசிடம் கொண்டு போனார். பிற்பாடு அவருக்கு 2 கோடியே 40 லட்சம் டாலருக்கு மேல் வெகுமதி கிடைத்தது. கோனா எலக்ட்ரிக்கில் பேட்டரி தீப்பிடித்து, 2021-ல் உலகம் முழுக்க 82,000 வண்டிகளைத் திரும்ப அழைக்க வேண்டி வந்தது. கப்பாவுக்கும் இவற்றுக்கும் சம்பந்தம் இல்லை. ஆனாலும் இதைப் படித்த பிறகு எனக்கு ஒரு வழக்கம் வந்துவிட்டது: ஹூண்டாய் வாங்க நினைக்கும் யாரிடமும், சின்ன பெட்ரோல் இன்ஜின், பழகிய கியர்பாக்ஸ் இரண்டையும் முதலில் பார் என்று சொல்வேன்.

இனி தம்பியின் மூன்று வண்டிகள்.

க்ரெட்டாவை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அவன் மனசு அதில்தான் இருந்தது. 2015-ல் வந்த முதல் க்ரெட்டா உண்மையிலேயே நல்ல வண்டி. 1582 சிசி டீசல், 128 குதிரைத்திறன், ஆறு கியர். நெடுஞ்சாலையில் லாரியைத் தாண்ட வேண்டுமானால் காலை லேசாக வைத்தால் போதும். வைத்திருப்பவர்கள் இரண்டு லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் விற்க மனமில்லாமல் வைத்திருக்கிறார்கள். 2020-க்கு முந்தைய பிஎஸ்4 என்ற பழைய புகை விதிப்படி செய்த டீசல் என்பதால், இப்போதைய டீசலில் உள்ள புகை வடிகட்டி ஊருக்குள் மெதுவாக ஓடி அடைத்துக்கொள்ளும் தொல்லையும் கிடையாது. பத்து வருட டீசலை ஓரங்கட்டும் விதியும் தமிழ்நாட்டில் இல்லை.

ஆனால் தம்பிக்கு அது பொருந்தாது. கணக்கைப் பாருங்கள். ஊருக்குள் எக்ஸ்டர் லிட்டருக்கு 15 கொடுக்கிறது என்று வைத்தால், 800 கிலோமீட்டருக்கு 53 லிட்டர் பெட்ரோல், சுமார் 5,400 ரூபாய். க்ரெட்டா டீசல் 14 கொடுத்தால் 57 லிட்டர், 5,300 ரூபாய். மாதம் நூறு ரூபாய் மிச்சம். அந்த நூறு ரூபாய்க்காக, எட்டு லட்சம் கொடுத்து எட்டு வயதான வண்டியை, வாரண்டி இல்லாமல், இரண்டாவது ஓனர் கையிலிருந்து வாங்க வேண்டும். 92,000 தாண்டிய டீசலில் கிளட்ச், இன்ஜெக்டர், டர்போ என்று எதில் கை வைத்தாலும் சின்ன காரின் செலவைப் போல இருக்காது. நாலு டயர் மாற்றினாலே வித்தியாசம் தெரியும். மாதம் 1,500, 2,000 ஓட்டுகிறவர், பக்கத்திலேயே நல்ல டீசல் மெக்கானிக் உள்ளவர் தாராளமாக வாங்கலாம். பள்ளிக்கூட வாசலுக்கும் மார்க்கெட்டுக்கும் போய் வரும் வீட்டுக்கு அது வேண்டாம். தம்பி முகம் வாடியது போனிலேயே தெரிந்தது.

கிராண்ட் ஐ10 அப்படி இல்லை. அறிவு இதைத்தான் வாங்கச் சொல்கிறது. நாலே கால் லட்சம் போக மீதி நாலு லட்சம் பேங்கில் இருக்கும். கப்பா இன்ஜின், மேனுவல் கியர், 48,000 கிலோமீட்டர் என்பது அந்த இன்ஜினுக்கு இளம் வயது. ஏசி சித்திரை வெயிலிலும் பத்து நிமிடத்தில் உள்ளே குளிர்ந்துவிடும். ஹூண்டாய்காரர்கள் எல்லாரும் முதலில் சொல்லும் நல்ல வார்த்தை அதுதான். குறை என்றால், ஸ்டியரிங் ஊருக்குள் பஞ்சு போல லேசு, நூறு கிலோமீட்டர் வேகத்தில் இன்னும் கொஞ்சம் இறுக்கமாக இருந்தால் நல்லது என்று தோன்றும்.

பழைய வண்டியை நேரில் பார்க்கப் போகும்போது இதைச் செய்யுங்கள். வண்டி நிற்கும்போது இன்ஜினை மட்டும் ஓடவிட்டு, ஸ்டியரிங்கை இடமும் வலமும் மெதுவாக அசையுங்கள். "டக், டக்" என்று சின்ன சத்தம் வந்தால் எலக்ட்ரிக் ஸ்டியரிங் மோட்டாருக்குள் இருக்கும் ரப்பர் தேய்ந்திருக்கலாம். ரப்பர் சின்னது, ஆனால் அதை மாற்ற ஸ்டியரிங் தண்டைக் கழற்ற வேண்டும், அந்தக் கூலியை விலையில் குறைக்கச் சொல்லலாம். அடுத்து, வேகத்தடையில் இருபதில் ஏற்றி இறக்கி முன்பக்கம் "கட கட" என்கிறதா பாருங்கள். லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராடு இரண்டும் தேய்கிற சாமான்கள்தான், பயப்பட ஒன்றுமில்லை. காலையில் இன்ஜின் சூடாவதற்கு முன் ஸ்டார்ட் செய்யும்போது செயின் சத்தம் இரண்டு மூன்று நொடிக்கு மேல் நீடித்தால் மட்டும் விலகிவிடுங்கள். சர்வீஸ் ரெக்கார்டை ஷோரூமில் சேசிஸ் நம்பர் கொடுத்துக் கேட்டால் ஓடோமீட்டரில் கை வைத்திருக்கிறார்களா என்பதும் தெரியும், ரீகால் ஏதாவது பாக்கி இருக்கிறதா என்பதும் தெரியும்.

இன்னொன்று, வெள்ளம். இதை என் அனுபவத்தில் சொல்கிறேன். 2016-ல் ஒரு பழைய கார் கடையில் அவசரப்பட்டு ஒரு வண்டி வாங்கினேன். எந்தக் கடை, எந்தக் கம்பெனி வண்டி என்பது வேண்டாம். வெளியே பளபள என்றிருந்தது. இரண்டு மாதத்தில் பவர் விண்டோ ஒவ்வொன்றாக நின்றது, அப்புறம் மீட்டரில் எல்லா விளக்கும் எரிந்தது. எலக்ட்ரீஷியன் முன் சீட்டின் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துக் காட்டினார். கடைசி ஒரு ஜாணில் வண்டல் மண் கோடு போட்டிருந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் கழுத்தளவு நின்ற வண்டி. மேலே தெரிகிற பெல்ட்டைக் கழுவியவர்கள் உள்ளே சுருண்டிருந்ததை விட்டுவிட்டார்கள். ஒன்றரை லட்சம் போனது எனக்கு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனையோ வண்டிகள் மூழ்கின. அதனால் பழைய வண்டி எதுவானாலும் பெல்ட்டை முழுசாக இழுத்துப் பாருங்கள், ஸ்டெப்னி குழியில் கை விட்டுப் பாருங்கள், கண்ணாடியை ஏற்றிவிட்டு ஐந்து நிமிடம் உள்ளே உட்கார்ந்து மூச்சை இழுத்துப் பாருங்கள்.

தம்பி பார்த்த கிராண்ட் ஐ10 இந்தச் சோதனை எல்லாவற்றிலும் தேறியது. அப்படியும் நான் தயங்கியது இரண்டு காரணத்துக்காக.

முதல் காரணம் பாதுகாப்பு. சின்ன ஹூண்டாய்களின் பலவீனம் இதுதான், மறைக்கத் தேவையில்லை. 2014-ல், கார்களை மோதிப் பார்த்து நட்சத்திரம் கொடுக்கும் குளோபல் என்கேப் அமைப்பு, ஏர்பேக் இல்லாத பழைய ஐ10-ஐ மோதிப் பார்த்தபோது ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. 2020-ல், கிராண்ட் ஐ10-க்கு அடுத்து வந்த கிராண்ட் ஐ10 நியோஸுக்கு இரண்டு நட்சத்திரம். 2023-ல் வெர்னா ஐந்து வாங்கியது, ஆனால் அதன் விலை வேறு. எக்ஸ்டர் 2023 ஜூலையில் வந்தபோதே அடி வேரியண்ட்டிலிருந்து ஆறு ஏர்பேக், ஐந்து சீட்டுக்கும் மூன்று முனை பெல்ட் என்று வந்தது. அந்த அக்டோபர் முதல் ஹூண்டாயின் எல்லா மாடலுக்கும் ஆறு ஏர்பேக் கட்டாயமானது. பின் சீட்டில் நடுவில் உட்காரப் போவது ஐந்து வயதுப் பெண்பிள்ளை. அவளுக்கு இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட் போதாது. எக்ஸ்டர் நியோஸின் உடன்பிறப்பு, ஏர்பேக் கூடியதால் மட்டும் உடல் இரும்பாகிவிடாது என்பதையும் தம்பியிடம் சொன்னேன். மோதல் சோதனைதான் முதல் என்றால் இதே விலையில் 2021-லேயே ஐந்து நட்சத்திரம் வாங்கிய டாடா பஞ்ச் இருக்கிறது, அதையும் போய்ப் பார் என்றேன். சித்தி கேட்கவில்லை. வீட்டில் ஒருவர் முழு மனதோடு ஏற வேண்டிய வண்டி, அவர் வார்த்தைக்கும் மதிப்பு உண்டு.

இரண்டாவது காரணம் முழங்கால். ஞாயிற்றுக்கிழமை நானும் போயிருந்தேன். கிராண்ட் ஐ10-ல் சித்தி ஏறும்போது ஒரு கையால் கூரையைப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு சீட்டில் விழுந்தார். இறங்கும்போது இரண்டு காலையும் வெளியே வைத்துவிட்டு, எழ முடியாமல் தம்பியின் கையைத் தேடினார். ஒரு மணி நேரம் கழித்து ஷோரூமில் எக்ஸ்டர். கதவைத் திறந்தார், திரும்பி நின்றார், நாற்காலியில் உட்காருவது போல உட்கார்ந்தார், காலைத் தூக்கி உள்ளே வைத்தார். இறங்கும்போது யாரையும் தேடவில்லை. பழைய சான்ட்ரோ ஜிங்கின் உயரம் 1590 மில்லிமீட்டர், கிராண்ட் ஐ10 1520, எக்ஸ்டர் 1631. காகிதத்தில் சின்ன வித்தியாசம்தான். சித்திக்கு அது ஒருவர் கையைப் பிடிப்பதற்கும் பிடிக்காமல் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம்.

விலையும் ஒத்துழைக்கிறது. 2025 செப்டம்பரில் 1200 சிசிக்கும் நாலு மீட்டருக்கும் உட்பட்ட பெட்ரோல் கார்களுக்கு வரி 29 சதவீதத்திலிருந்து 18-ஆகக் குறைந்தது. ஷோரூம் விலை 7 லட்சம் என்று வைத்தால் தமிழ்நாட்டு சாலை வரி 13 சதவீதம், 91,000 ரூபாய். இன்சூரன்ஸ் சேர்த்தால் தம்பியின் எட்டரைக்குள் அடங்குகிறது. ஷோரூமில் செய்து தரும் கோட்டிங், மேட், கூடுதல் பேக்கேஜ் எதையும் வாங்க வேண்டாம். இன்சூரன்ஸை வெளியே இரண்டு இடத்தில் கேட்டுவிட்டு வந்து அதே விலைக்குத் தரச் சொல்லலாம், பெரும்பாலும் இறங்கி வருவார்கள்.

தம்பி மனைவி ஆட்டோமேட்டிக் கேட்டார். எக்ஸ்டரில் இருப்பது ஏஎம்டி. மேனுவல் கியர்பாக்ஸையே ஒரு சின்ன மோட்டார் மாற்றிக் கொடுக்கும் ஏற்பாடு. மலிவு, மைலேஜும் குறையாது. ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது தலை லேசாக முன்னே போகும், பழக வேண்டும். ஹூண்டாயின் இன்னொரு சின்ன எஸ்யூவியான வென்யூவில் டர்போவோடு வரும் டிசிடி ஆட்டோமேட்டிக் ஓட்ட அருமையாக இருக்கும், ஆனால் ஈரமில்லாத இரட்டைக் கிளட்ச், நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போனால் சூடாகும். நான் சொன்ன "பழகிய கியர்பாக்ஸ்" பேச்சு ஞாபகம் இருக்கிறதல்லவா? அவர் மேனுவலில்தான் ஓட்டக் கற்றவர். ஒரு சுற்று ஓட்டிவிட்டு, கிளட்ச் இவ்வளவு லேசாக இருந்தால் மேனுவலே போதும் என்று அவரே சொல்லிவிட்டார். அறுபது எழுபது ஆயிரம் மிச்சம். சிஎன்ஜி இவர்கள் ஓட்டுகிற 800 கிலோமீட்டருக்குப் போட்ட காசை எடுக்க ரொம்ப நாளாகும், அதை விட்டுவிட்டோம்.

ஆக, எக்ஸ்டர், பெட்ரோல், மேனுவல், நடு வேரியண்ட். சன்ரூஃப் உள்ள வேரியண்ட்டுக்குப் பிள்ளைகள் கேட்டார்கள்; அந்தப் பணத்தில் வாரண்டியை நீட்டிக்கச் சொல்லியிருக்கிறேன். பணம் கட்டுவதற்கு முன் வண்டி தயாரான மாதத்தைச் சேசிஸ் நம்பரில் பார்க்கச் சொன்னேன். போன வருட ஸ்டாக்கைத் தள்ளுபடி விலையில் தருகிறேன் என்பார்கள். விற்கும்போது அந்த ஒரு வருடம் விலையில் அடிக்கும், பத்து வருடம் வைத்திருப்பவருக்குப் பரவாயில்லை. சித்தி குடும்பம் எப்படியும் பதினைந்து வருடம் வைத்திருக்கும்.

பாக்கி இருப்பது நிறம்தான். பிள்ளைகளுக்குக் காக்கி, சித்திக்கு வெள்ளை. திருவண்ணாமலை வெயிலில் பள்ளிக்கூட வாசலில் மத்தியானம் நிற்கப் போகும் வண்டி. நான் சித்தி பக்கம்.